அர்ரஹ்மானின் அருளும் நம் அண்டை வீட்டாரும்

(சங்கத்தின் பொன்விழா ஆண்டு மீலாது நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

மீலாது மேடைக்கு எத்தனையோ தலைப்புகள் உண்டு. "கிறிஸ்தவப் பிரசாரத்தை எப்படி எதிர்கொள்வது?" என்ற இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கியவர்கள் நம் மகளிர் பிரிவினர். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அடுக்குமாடி வீடுகளின் தபால் பெட்டியில் தமிழில் அச்சிட்ட கைப்பிரதி கிடக்கிறது. பிள்ளைகள் எடுத்துப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது என்று தாய்மார்கள் திகைக்கிறார்கள். நியாயமான கவலைதான். அதற்குப் பதில் தேடத்தான் உட்கார்ந்தோம். தேடும்போது, இந்தச் சங்கத்தில் நாம் பேசித் தீர்க்காமல் விட்ட பழைய விஷயம் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அதையும் இன்று பேசிவிடுகிறோம்.

முதலில் சட்டம். முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் சட்டம் இயற்றலாம் என்கிறது நம் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) ஆவது விதி. சிலாங்கூரில் 1988 முதல் அதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. ஆகவே அந்தக் கைப்பிரதி நம் பெட்டியில் விழுவது பெரும்பாலும் ஆள் தெரியாமல்தான். தமிழ்க் குடும்பம் என்று நினைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். அதற்காக மாடிப்படியில் நின்று சத்தம் போட வேண்டியதில்லை. இந்த நாட்டில் நாம் பிறரை மார்க்கத்திற்கு அழைக்கலாம். 1960-இல் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிய பெர்க்கிம் அந்தப் பணியைச் செய்து வருகிறது. அவர்கள் நம்மை அழைக்க முடியாது. சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து நமக்குத் துணை நிற்கும்போது, நம் நாவில் நிதானம் இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

நம் முன்னோர்களுக்கு இந்தப் பயம் இவ்வளவு இருந்ததாகத் தெரியவில்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையைப் பாருங்கள். இந்திய முஸ்லிம் பள்ளிவாசலும் அந்தச் சாலையில், லூர்து மாதா ஆலயமும் அதே சாலையில். ஒரு பக்கம் பாங்கு, ஒரு பக்கம் கோயில் மணி. இடையில் பூக்கடையும் துணிக்கடையும். கோலாலம்பூரில் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1897-இல் வந்தது. செயின்ட் ஜான்ஸ் 1904-இல் வந்தது. அப்படிப்பட்ட பள்ளிகளில் நம் அத்தாமார்களும் மாமாமார்களும் படித்தார்கள். பெட்டாலிங் ஜெயாவில் பிரான்சிஸ்கன் கன்னியர்கள் 1954-இல் திறந்த அசுந்தா மருத்துவமனையில் பிறந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே சிலர் இருக்கிறார்கள். சுவரில் சிலுவை தொங்கிய அறையில் பிறந்த பிள்ளையின் காதில் அத்தா குனிந்து பாங்கு சொன்னார். அந்தக் கன்னியர்கள் தடுக்கவில்லை. பிள்ளையும் வளர்ந்து தொழுகையாளியாகத்தான் இருக்கிறது.

பயத்தின் விலையை அறிய இலங்கைக்குப் போக வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், மிஷன் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று அஞ்சி அங்குள்ள முஸ்லிம்கள் பலர் ஆங்கிலப் படிப்பையே ஒதுக்கினார்கள். கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்தி லெவ்வை அவர்கள் (1838–1898) அதைக் கண்டு வருந்தி, 1882-இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கி எழுதினார்கள். நமக்கென்று பள்ளிக்கூடம் கட்டுவோம் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். 1892-இல் கொழும்பில் உருவான மதரஸாதான் பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரி ஆனது. அவர்கள் பாதிரிமாரைத் திட்டிக்கொண்டு காலத்தைக் கழிக்கவில்லை. பிள்ளைகளுக்கு வகுப்பறை கட்டினார்கள். தாய்மார்களே, உங்கள் கேள்விக்கு எங்களிடம் உள்ள நேரான பதில் இதுதான்: பிள்ளைக்கு நபி ஈஸா (அலை) அவர்களைப் பற்றியும் அன்னை மர்யம் (அலை) அவர்களைப் பற்றியும் குர்ஆன் சொல்வதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். கைப்பிரதி பிறகு வரட்டும்.

எண்பதுகளில், தொண்ணூறுகளில் நாம் வேறொரு பாடம் படித்தோம். அஹ்மத் தீதாத் அவர்களின் வீடியோ கேசட்டுகள் கை மாறிக் கை மாறி வந்தன. குஜராத்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். கடையில் வேலை பார்த்தபோது, பக்கத்து மிஷனில் பயின்ற மாணவர்கள் வந்து நாயகம் (ஸல்) அவர்களைக் குறை பேசினார்கள். பதில் சொல்லத் தெரியாத வேதனையில்தான் அவர் படிக்கத் தொடங்கினார். அப்போது அவர் கைக்குக் கிடைத்தது, 1854-இல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டருடன் வாதம் செய்த மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி அவர்களின் "இள்ஹாருல் ஹக்". தீதாத் அவர்களின் உழைப்பைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆனால் அந்தக் கேசட்டுகளைப் பார்த்த நாம், அவருடைய படிப்பை எடுத்துக்கொள்ளாமல் வெற்றிச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். தேநீர்க் கடை மேசையில் கிறிஸ்தவ நண்பரை மடக்கிவிட்டு வீட்டுக்கு வந்து பெருமை பேசியவர்கள் நம்மில் உண்டு. அந்த நண்பர் மறுநாள் அந்தக் கடைக்கு வரவில்லை என்பதை நாம் கவனிக்கவில்லை.

நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனாவுக்கு வந்த வரலாற்றை உலமாக்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். சுமார் 60 பேர் வந்தார்கள். அவர்களுடைய வணக்க நேரம் வந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் தம் பள்ளிவாசலிலேயே இடம் விட்டார்கள். அவர்கள் கிழக்கு நோக்கித் தொழுதார்கள் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். வாதமும் நடந்தது, கடுமையாகவே நடந்தது. நபி ஈஸா (அலை) அவர்களைப் பற்றி இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் உடன்படிக்கை செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரை எங்களோடு அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். கொள்கையில் ஒரு நூலிழை விட்டுக்கொடுக்கவில்லை. விருந்தாளியை அவமதிக்கவும் இல்லை.

இனி, நாம் பேசாமல் விட்ட விஷயம்.

நம் சங்கத்தில் ஒரு சகோதரர். பெயர் வேண்டாம். இளம் வயதில் இஸ்லாத்தைத் தழுவியவர்; கிள்ளானில் உள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். அவருடைய தாயார் ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவர். மகன் மார்க்கம் மாறியதில் அழுதார். ஆனால் வீட்டுக் கதவை மூடவில்லை. மருமகளுக்காகத் தனிச் சட்டி வாங்கி வைத்து, ஹலால் கடையில் கோழி வாங்கிச் சமைத்தார். அத்துடன், மகன் ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் அவருடைய பைக்குள் ஒரு கைப்பிரதியை வைத்துவிடுவார். மகன் வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் துண்டில் சுற்றிய முறுக்கு. அதன் அடியில் அந்தக் காகிதம். அவர் கோபப்பட்டதில்லை. அம்மாவுக்கு நேர்வழி கிடைக்க வேண்டும் என்று தஹஜ்ஜுதில் இவர் துஆ கேட்பார். மகன் திரும்பி வர வேண்டும் என்று அந்த அம்மாள் முழங்காலில் நின்று ஜெபம் செய்வார். ஒருவர் மற்றவருக்காக நரகத்தை அஞ்சினார்கள். நாம் இன்று பேச வந்த "கிறிஸ்தவப் பிரசாரம்" என்பது அந்த வீட்டில் இப்படித்தான் இருந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு அந்த அம்மாள் காலமானார். செய்தி நம் நிர்வாகக் குழுவுக்கு வந்தது. போகலாமா, போகக் கூடாதா என்று ஒரு மணி நேரம் பேசினோம். முடிவில் யாரும் போகவில்லை. சகோதரர் தம் தம்பிகளோடு பெட்டியைச் சுமந்து கல்லறைக்குப் போனார். அடுத்த ஜும்ஆவில் அவரிடம் கை கொடுத்தவர்கள் சிலர். "நீங்கள் அங்கே போயிருக்கக் கூடாது" என்று சொன்னவர்களும் உண்டு. அவருடைய சிறுமகள் நம் வார இறுதி மதரஸாவில் கேட்டாள்: "பாட்டி நரகத்துக்குப் போவாங்களா?" அன்று வகுப்பிலிருந்த நம்மவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். பிள்ளை மூன்று வாரம் மதரஸாவுக்கு வரவில்லை.

அன்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. அபூதாலிப் அவர்கள் இறந்தபோது, தந்தையை அடக்கம் செய்துவிட்டு வரும்படி அலீ (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்களே அனுப்பினார்கள், அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஒரு யூதரின் பிரேதம் கடந்து சென்றபோது எழுந்து நின்று, அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்; புகாரியில் இருக்கிறது. பெட்டியைச் சுமந்த மகன் தவறு செய்யவில்லை.

அந்தப் பிள்ளையின் கேள்வி இன்னும் கனமானது. பகரா அத்தியாயத்தின் 62-ஆவது வசனம் இறைவனையும் இறுதி நாளையும் நம்பி நற்செயல் புரிந்த யூதர், கிறிஸ்தவர் போன்றோருக்கும் நற்கூலி உண்டு என்ற பொருளில் பேசுகிறது. ஆலு இம்ரானின் 85-ஆவது வசனம் இஸ்லாம் அல்லாத மார்க்கம் ஏற்கப்படாது என்கிறது. ஒன்றை மட்டும் ஓதி மற்றதை மறைப்பது நாணயமல்ல. இமாம்கள் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் சிந்தித்தார்கள். இறந்தபின் அத்தகையோருக்குப் பாவமன்னிப்புக் கேட்பது பற்றித் தவ்பாவின் 113-ஆவது வசனத்தைக் கொண்டு உலமாக்கள் சொல்லும் சட்டமும் இருக்கிறது. அதை இந்த மேடையில் மாற்ற நாம் வரவில்லை. சட்டம் நம் நாவுக்கு எல்லை போடுகிறது. இறைவனின் தீர்ப்பை முன்கூட்டி அறிவிக்கும் உரிமையை அது நமக்குத் தரவில்லை.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 505-இல், அதாவது 1111-இல் மறைந்தவர்கள். சிலுவைப் படை 1099-இல் ஜெருசலத்தைப் பிடித்தது அவர்களுடைய வாழ்நாளில்தான். கிறிஸ்தவர் மீது கோபம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த இமாம் "ஃபைஸலுத் தஃப்ரிகா" என்ற நூலில், நம் மார்க்கத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் பெயரையே கேள்விப்படாதவர்கள். அவர்களுக்கு மன்னிப்பு உண்டு. பெயரும் தன்மையும் சரியாகத் தெரிந்து, அருகிலிருந்து பார்த்தும் மறுத்தவர்கள், இவர்கள்தான் குற்றவாளிகள். இருவருக்கும் நடுவில் ஒரு கூட்டம்: பெயரைக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் சிறுவயது முதலே அவர் ஒரு பொய்யர் என்று கேட்டு வளர்ந்தவர்கள். இவர்களும் முதல் கூட்டத்தாரைப் போன்றவர்களே என்கிறார்கள் இமாம். உண்மையைத் தேடத் தொடங்கி, தேடும் வழியிலேயே மரணம் வந்துவிட்டவருக்கும் மன்னிப்பு உண்டு என்கிறார்கள். தம் காலத்து ரோமக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோரை இறையருள் சூழும் என்று எழுதினார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் வந்த நம் சமுதாயம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் இமாம் எழுதியது இது.

நடுவில் உள்ள கூட்டத்தைப் பற்றிப் படித்தபோது நமக்குக் கொஞ்சம் உறைத்தது. பிரிக்பீல்ட்ஸ் கிறிஸ்தவர் ஒருவருக்கு நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றி யார் சொன்னார்கள்? நாம்தான், நம் கடைகளில் நின்று. சம்பளத்தை இரண்டு மாதம் நிறுத்தி வைத்த முதலாளியைப் பார்த்து அறிந்திருக்கலாம். தாய் இறந்த வீட்டுக்கு வராத சங்கத்தைப் பார்த்து அறிந்திருக்கலாம். அப்படிக் கேட்டதை வைத்து அவர் ஒதுங்கிக்கொண்டால், கணக்கு யார் பேரில் எழுதப்படும்?

இன்னொரு செய்தி, புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. சிறைபிடிக்கப்பட்டு வந்தவர்களில் ஒரு பெண் தன் பிள்ளையைக் காணாமல் தவித்து, கண்டதும் மார்போடு அணைத்துப் பாலூட்டினாள். இவள் தன் பிள்ளையை நெருப்பில் போடுவாளா என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கேட்டார்கள். இவளைவிட அல்லாஹ் தன் அடியார்கள் மீது இரக்கமுள்ளவன் என்றார்கள். இதைப் பலமுறை பயானில் கேட்டிருக்கிறோம். அந்தப் பெண் யார் என்று யோசித்ததில்லை. எதிர்த் தரப்பிலிருந்து கைதியாக வந்தவள். அல்லாஹ்வின் அருளுக்கு உவமை காட்ட நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்கொண்டது அவளுடைய தாய்மையை.

மாயிதா அத்தியாயத்தின் இறுதியில், மறுமையில் நபி ஈஸா (அலை) அவர்கள் தம்மைத் தெய்வமாக்கிய மக்களைப் பற்றிப் பேசும் காட்சி வருகிறது. தண்டித்தால் அவர்கள் உன் அடியார்கள், மன்னித்தால் நீ வல்லவன், ஞானமுடையவன் என்ற கருத்தில் முறையிடுகிறார்கள். தீர்ப்பை இறைவனிடமே விட்டுவிடுகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முழு இரவும் நின்று, விடியும்வரை இந்த ஒரு வசனத்தையே திரும்பத் திரும்ப ஓதியதாக அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

அன்று அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். "அல்லாஹ் உன் பாட்டியை உன்னைவிட நன்றாக அறிந்தவன், அவன் ரஹ்மான்" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். கொள்கையில் எதுவும் குறைந்திருக்காது.

அந்தப் பிள்ளை இப்போது இரண்டு குழந்தைகளுக்குத் தாய். இன்று பெண்கள் பகுதியில் அமர்ந்திருக்கிறார். அவருடைய அத்தா ஆண்கள் வரிசையில் கடைசியில் இருக்கிறார். வழக்கமாக அங்கேதான் அமர்வார். இந்த ஆண்டு நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறது: உறுப்பினரின் முஸ்லிம் அல்லாத பெற்றோர் காலமானால், சங்கத்தின் சார்பில் குறைந்தது மூவர் அந்த வீட்டுக்குச் செல்வார்கள், வண்டியும் சாப்பாடும் சங்கத்தின் பொறுப்பு. அங்கே நடக்கும் வழிபாட்டில் நாம் பங்கேற்க மாட்டோம், குடும்பத்தாரோடு நிற்போம். எதுவரை செல்லலாம் என்று உலமாக்களிடம் கேட்டுத்தான் எழுதினோம்.

சகோதரரே, உங்கள் தாயாரின் வீட்டுக்கு அன்று நாங்கள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தச் சபையின் முன்னால் உங்களிடமும் உங்கள் மகளிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.