ஆச்சியிடம் கேட்கும் சான்றை அரங்கத்திடமும் கேளுங்கள்

(ஆழ்வார்குறிச்சிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். விளையாட்டுக்கு எதிராகப் பேச நான் இந்த மேடைக்கு வரவில்லை. கடனா நதிக்கரையில் ஓடியாடி வளர்ந்த பிள்ளைகளின் ஊரில் நின்றுகொண்டு அப்படி ஒருவன் பேசினால் அவனை நீங்களே கீழே இறக்கிவிட வேண்டும். நான் பேச வந்தது பொதுப்பணத்தைப் பற்றி. அது யாருக்குக் கேள்வியே இல்லாமல் போகிறது, யாரை நடையாய் நடக்க வைக்கிறது என்பதைப் பற்றி.

முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போடும் ஓர் ஆச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டத்திலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். ஆதார் வேண்டும், ரேஷன் கார்டு வேண்டும், வங்கிப் புத்தகம் வேண்டும். வி.ஏ.ஓ. விசாரிப்பார், ஆர்.ஐ. விசாரிப்பார், அப்புறம் தாசில்தாரிடம் போகும். மகன் இருக்கிறானா, சோறு போடுகிறானா, வீடு யார் பெயரில் இருக்கிறது, அறுபது வயது ஆனதற்கு என்ன அத்தாட்சி என்று ஒவ்வொன்றையும் கேட்பார்கள். கிடைத்த பிறகும், தான் உயிரோடு இருப்பதை அந்த ஆச்சி காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதற்காக? மாதம் 1,200 ரூபாய்க்காக. அதில் மத்திய அரசின் பங்கு என்ன தெரியுமா? எண்பது வயது ஆகாதவர்களுக்கு 200 ரூபாய். 2007-ஆம் ஆண்டில் அது 200. இன்றைக்கும் 200. நாள் ஒன்றுக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. இத்தனை வருடத்தில் அரிசி ஏறியது, எண்ணெய் ஏறியது, மருந்து மாத்திரை ஏறியது. அந்த இருநூறு மட்டும் ஏறவில்லை.

இப்போது ஒரு விளையாட்டரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் எத்தனை நாள் அதற்குள் ஆட்டம் நடக்கும்? உள்ளே போக யாரிடம் டிக்கெட்டுக்குக் காசு இருக்கும்? பத்து வருடம் கழித்துப் பெயிண்ட் அடிக்கவும் விளக்கு எரியவும் யார் பணம் கட்டுவார்கள்? இந்தக் கேள்விகளை எந்த ஆர்.ஐ. கேட்டார்? எந்தத் தாசில்தார் கேட்டார்? ஒரு மேடையில் அறிவிப்பு வரும், கைதட்டல் எழும், அடுத்த நிதிநிலை அறிக்கையில் கோடிகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். 1,200 ரூபாய்க்கு ஒன்பது கேள்வி கேட்கிற அரசாங்கம், நூறு கோடிக்கு ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. என் கோபமெல்லாம் இதில்தான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். “விளையாட்டுப் பணம் வேறு தலைப்பு, ஏழைகள் பணம் வேறு தலைப்பு. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றுக்கு வந்துவிடாது” என்பார்கள். படித்தவர்களே இதை நம்புகிறார்கள். அவர்களுக்கு நான் டெல்லியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2010-ஆம் ஆண்டு அக்டோபரில் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒவ்வோர் ஆண்டும் தனியே ஒதுக்கும் நிதி ஒன்று உண்டு. சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று பெயர். பிள்ளைகளின் படிப்புதவி, வீடு, தொழில் கடன் என்று அந்த மக்களுக்கே நேராகப் போய்ச் சேர வேண்டிய பணம். டெல்லி அரசு அந்தப் பணத்தை எடுத்துப் போட்டிக்கான வேலைகளில் போட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, தலித் மனித உரிமைகளுக்கான தேசிய இயக்கம் இதை வெளியே கொண்டுவந்தது. 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் பேச்சு எழுந்தது. அப்போது உள்துறை அமைச்சர் யார்? நம் சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த ப. சிதம்பரம். ஏறக்குறைய 678 கோடி ரூபாய் தவறாகத் திருப்பி விடப்பட்டிருக்கிறது என்று அவரே சபையில் ஒப்புக்கொண்டார்.

678 கோடி. மாதம் 1,200 வீதம் நம் ஊர்க் கணக்கில் போட்டால், 4 லட்சத்து 70 ஆயிரம் முதியவர்களுக்கு ஒரு வருடம் முழுவதும் கொடுக்கக்கூடிய பணம் அது. நாட்டிலேயே கடைசியில் நிற்பவர்களின் பையிலிருந்து எடுத்து, பன்னிரண்டு நாள் திருவிழாவுக்குச் செலவழித்தார்கள். தலைப்பு வேறு வேறு என்று சொல்கிறவர்களே, அந்தத் தலைப்பை மாற்றி எழுதிய பேனா யார் கையில் இருந்தது? அந்தப் பேனா என்றைக்காவது அரங்கத்துப் பணத்தை எடுத்துக் குடிசைக்குக் கொடுத்திருக்கிறதா?

அந்தப் போட்டிக்காக ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தை 961 கோடி ரூபாய் செலவில் புதுப்பித்தார்கள். தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு அதன் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து விழுந்தது. அடிபட்டவர்கள் கூலித் தொழிலாளர்கள். போட்டிக்காகக் கட்டட வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிகூடச் சேரவில்லை என்பது டெல்லி உயர் நீதிமன்றம் அமைத்த குழுவின் அறிக்கையிலேயே வந்தது. பதினைந்தே வருடம் ஆனது. 2025 நவம்பரில் அதே அரங்கத்தை இடித்துவிட்டு விளையாட்டு நகரம் கட்டப்போவதாக மத்திய விளையாட்டு அமைச்சகத்திலிருந்து செய்தி வருகிறது. அதே மாதம், 2030 காமன்வெல்த் போட்டி ஆமதாபாத்துக்கு என்று முடிவாகிறது. 2036 ஒலிம்பிக்கும் வேண்டும் என்கிறார்கள். வரட்டும், நாட்டுக்குப் பெருமை என்றால் வரட்டும். ஆனால் டெல்லியில் நடந்தது ஆமதாபாத்தில் நடக்காது என்று யார் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்?

டெல்லி தூரம் என்று நினைக்காதீர்கள். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு வாருங்கள். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கோடிக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்தார்கள். 2023 மே மாதம் ஒரு காற்று அடித்தது, கேலரியின் மேற்கூரை சரிந்தது. மதுரைக்குப் போங்கள். அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் சுமார் 44 கோடி ரூபாயில் ஜல்லிக்கட்டு அரங்கம் கட்டி, 2024 ஜனவரி 24-ஆம் தேதி திறந்தார்கள். ஆனால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு எங்கே நடக்கிறது? ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலில்தான் நடக்கிறது. பாலமேட்டிலும் அவனியாபுரத்திலும் அப்படியே. கோயிலும் மரபும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கும் இடத்தை விட்டு ஊர்க்காரர்கள் எப்படிப் போவார்கள்? இந்தக் கேள்வியை அரங்கம் கட்டுவதற்கு முன்னாலேயே அவர்களிடம் கேட்டிருக்கலாம்.

அடுத்தது கிரிக்கெட். இதில் எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. கோயம்புத்தூரில் சர்வதேசக் கிரிக்கெட் அரங்கம் என்று 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில் வாக்குறுதி கொடுத்தார்கள், ஒண்டிப்புதூரில் அரசு நிலம் பார்த்தார்கள். இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஐ.பி.எல். ஆட்டங்களை ஐந்து வருடம் ஒளிபரப்பும் உரிமையை 2022-இல் எவ்வளவுக்கு விற்றது? 48,390 கோடி ரூபாய்க்கு. ஓர் ஆட்டத்துக்கு நூறு கோடிக்கு மேல் வருகிறது. ஓர் ஆட்டத்தின் பணத்தில் இரண்டு ஜல்லிக்கட்டு அரங்கம் கட்டி மிச்சமும் வைக்கலாம். அந்த வாரியம் ஒரு சங்கமாகப் பதிவாகியிருப்பதே தமிழ்நாட்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில்தான். நம் மண்ணின் சட்டத்தில் பதிந்து, உலகத்திலேயே பணக்காரக் கிரிக்கெட் சங்கமாக வளர்ந்து நிற்பவர்களுக்கு நாம் ஏன் நிலம் பார்த்துக் கொடுக்க வேண்டும்? அவர்களே நிலம் வாங்கட்டும், அவர்களே கட்டட்டும். வரியையும் ஒழுங்காகக் கட்டட்டும்.

நம் ஊர் ஒரு பேரூராட்சி. அதனாலேயே ஊராட்சிகளுக்கான வேலை உறுதித் திட்டம் இங்கே கிடையாது. பக்கத்து ஊராட்சியில் வேலை உண்டு, எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் இல்லை. வயிறு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இந்தக் குறையைத் தீர்க்கவென்று தமிழ்நாடு அரசு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று ஒன்றை அறிவித்தது. சோதனை முயற்சியாக, மாநிலம் முழுவதற்கும் சேர்த்து 100 கோடி ரூபாய். 2022-இல் மாமல்லபுரத்தில் இரண்டு வாரம் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்கு ஒதுக்கியது 92 கோடி. அந்தப் போட்டியில் நம் பிள்ளைகள் பதக்கம் வாங்கினார்கள், அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் இந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை. அதே வருடம் ஜூலை மாதம் 16-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தில் பேசிய பிரதமர், இலவசம் கொடுக்கும் கலாச்சாரம் நாட்டைக் கெடுக்கும் என்றார். 28-ஆம் தேதி சென்னை வந்து அந்தப் போட்டியைத் தொடங்கி வைத்தார். ஏழைக்குக் கொடுப்பது நாட்டைக் கெடுக்குமாம். விழாவுக்குக் கொடுப்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மேற்கே மலையைப் பாருங்கள். அந்த மலைத்தொடரில்தான் மாஞ்சோலை. 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு. நான்கைந்து தலைமுறை அங்கேயே பிறந்து, தேயிலை பறித்து, அங்கேயே செத்தார்கள். 2024-இல் தோட்டத்தை நடத்திய கம்பெனி கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பியது. “தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் எங்களை ஏற்று நடத்தட்டும்” என்று அந்த மக்கள் மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போனார்கள். கழகமே நட்டத்தில் ஓடுகிறது, ஏற்க முடியாது என்று பதில் வந்தது. நட்டம் என்ற பேச்சு தொழிலாளி வாசலுக்கு வந்ததும் எப்படி எழுந்து நிற்கிறது பாருங்கள். எந்த விளையாட்டரங்கத்தின் நட்டக் கணக்கையாவது யாராவது சபையில் வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா?

அரங்கம் வந்தால் வேலை வரும், வியாபாரம் வரும், ஊர் வளரும் என்பார்கள். அமெரிக்காவில் இதை ஆராய்ந்த ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பலிஸ்ட் என்ற பொருளியலாளர்கள் 1997-லேயே புத்தகம் போட்டு முடிவு சொல்லிவிட்டார்கள். பொதுப்பணத்தில் கட்டிய அரங்கங்களால் அந்த ஊர்களுக்குச் சொல்லும்படியான வளர்ச்சி வரவில்லை. அரங்கத்தில் செலவழிக்கும் பணம் அதே ஊர்க் கடைகளில் செலவழிந்திருக்க வேண்டிய பணம், இடம் மாறியதுதான் மிச்சம். கனடாவில் மான்ட்ரியல் நகரம் 1976 ஒலிம்பிக்குக்காக வாங்கிய கடனைக் கட்டி முடித்தது 2006-இல். போட்டியைப் பார்க்காத பிள்ளைகள் வளர்ந்து வரி கட்டி அந்தக் கடனை அடைத்தார்கள். இலங்கையில் அம்பாந்தோட்டை பக்கம் சூரியவெவவில், 2011 உலகக் கோப்பைக்காக 35,000 பேர் உட்காரும் அரங்கத்தைக் காட்டு நடுவே கட்டினார்கள். அந்தக் கோப்பையில் அங்கே நடந்தது இரண்டே ஆட்டம். பிற்பாடு கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டார்கள்.

“பதக்கம் வேண்டாமா?” என்று தம்பிமார் கேட்பீர்கள். வேண்டும் தம்பி. மணத்தி கணேசன் நம் பக்கத்துக்காரர். ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் கபடிக்குத் தங்கம் வாங்கிய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றவர். அவரை உண்டாக்கியது கேலரியா? கிராமத்து மண்ணும், ஆடச் சொல்லி விரட்டிய வாத்தியாரும், கூட நின்ற ஊர்ப் பிள்ளைகளும். ஆடுகிறவனுக்கு வேண்டியது தரை, வாத்தியார், சாப்பாடு, ஷூ. கேலரி பார்க்கிறவனுக்கு. 234 தொகுதியிலும் தொகுதிக்கு 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் என்று 2022-இல் சட்டப்பேரவையில் அறிவித்தார்களே, அதை நான் எதிர்க்கவில்லை. அந்தப் பணத்தில் ஓடுபாதை போடுங்கள், கபடிக்கும் கைப்பந்துக்கும் தளம் போடுங்கள், பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்ற அறையும் கழிப்பறையும் கட்டுங்கள், உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு ஆசிரியர் போடுங்கள். சாயந்திரம் பூட்டாமல் திறந்து விடுங்கள். பார்க்க வருகிறவர்கள் மண்ணில் உட்கார்ந்து பார்ப்போம்.

பீடி சுற்றும் அக்காமார்களுக்கு ஒன்று சொல்லாமல் இறங்க முடியாது. ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்று பீடி மேல் ஒரு நல வரி இருந்தது. 1976-இல் வந்த சட்டம். உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்புதவி, உங்களுக்கு வீடு, முக்கூடலில் இருக்கிறதே அந்த மருத்துவமனை, எல்லாம் அந்தப் பணம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரியை ஒழித்தார்கள். பீடிக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள், அதில் உங்களுக்கென்று ஒரு பைசா தனியே ஒதுக்கவில்லை. முப்பது வருடம் சுளகை மடியில் வைத்து இலை வெட்டித் தூள் போட்டு நூல் சுற்றியவளுக்கு பி.எஃப். ஓய்வூதியம் ஆயிரம் ரூபாய். 2014-இல் வைத்த ஆயிரம், இன்றும் அதே ஆயிரம். முதுகு வளைந்துவிட்டது, கண் மங்கிவிட்டது, இருமல் நிற்கவில்லை. இவர்களுக்குப் பணம் இல்லை என்று எந்த அரசு சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாம் கேட்பது என்ன? 10 கோடி ரூபாய்க்கு மேல் போகும் எந்த அரங்கத்துக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், வருடத்துக்கு எத்தனை நாள் பயன்படும், பராமரிப்புக்கு என்ன ஆகும், யார் கட்டுவார்கள் என்று எழுத்தில் மக்கள் முன் வைக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் திட்ட நிதியிலிருந்து ஒரு ரூபாயும் விளையாட்டு விழாவுக்குப் போகக் கூடாது. முதியோர் உதவியில் மத்திய அரசின் இருநூறு உயர வேண்டும். பீடித் தொழிலாளர் நல நிதி திரும்பவும் தனி நிதியாக வர வேண்டும். லாபம் பார்க்கும் கிரிக்கெட்டுக்கு அரசு நிலமும் வேண்டாம், அரசுப் பணமும் வேண்டாம்.

இந்த ஐந்தும் மனுவாக அச்சடித்து மேடைக்கு இடப்பக்கம் மேஜையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், ஆச்சிமார்கள் கைநாட்டு வையுங்கள், செல்லும். நம் பேரூராட்சியில் பகுதி சபை கூடும் அன்றைக்கு, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் வார்டில் இதன் நகலோடு எழுந்து நின்று இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். பதிவேட்டில் எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகு உட்காருங்கள்.