நாலு குத்து, ஒரு லைன்: நர்ஸ் அக்கா எடுத்த பாடம்

பெருங்களத்தூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசுறேன். நடுவுல லோக்கல் ட்ரெயின் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, என்ன எடிட் பண்ணாலும் அது போக மாட்டேங்குது.

இன்னைக்கு சாஃப்ட்வேர் பத்தி இல்ல. நான் ஒருத்தர்கிட்ட கத்தின கதை.

போன மழைக்காலத்துல அம்மாவுக்கு டெங்கு. ரெண்டு நாளா தண்ணி கூட உள்ள நிக்கல, எல்லாம் வாந்தி. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். ட்ரிப்ஸ் போட ஒரு சின்னப் பொண்ணு வந்தாங்க. முதல் குத்து, கிடைக்கல. ரெண்டாவது, கிடைச்ச மாதிரி இருந்து உடனே வீங்கிடுச்சு. மூணாவதுல அம்மா முகம் சுருங்கினதைப் பார்த்துட்டு, "உங்களுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?"ன்னு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திட்டேன். அவங்க கை நடுங்க ஆரம்பிச்சுது. அப்புறம் ஒரு சீனியர் சிஸ்டர் வந்து, நாலாவது குத்துல லைன் போட்டாங்க.

அம்மா வீட்டுக்கு வந்ததும் எங்க தெருவுல இருக்கிற அக்கா பார்க்க வந்தாங்க. பதினஞ்சு வருஷமா நர்ஸ். நான் பெருமையா இந்தக் கதையைச் சொன்னேன். அவங்க சிரிக்கல. "நீ கத்தினதும் அந்தப் பொண்ணோட விரல்ல இருந்த கவனம் காதுக்குப் போயிருக்கும்டா தம்பி"ன்னாங்க. அப்புறம் ஒரு மணி நேரம் எனக்குப் பாடம். அதைத்தான் இப்போ உங்களுக்குச் சொல்றேன். நர்சிங் படிக்கிறவங்க, புதுசா வேலைக்குச் சேர்ந்தவங்க நம்ம லிஸ்ட்ல நிறைய பேர் இருக்கீங்க. உங்க ஆஸ்பத்திரி விதிமுறைதான் முதல்ல; இது பக்கத்துல வச்சுக்கிற குறிப்பு.

முதல் விஷயம்: கண்ணால தேடாதீங்க, விரலால தேடுங்க. "நரம்பு கிடைக்கல"ன்னு நாம சொல்றது உண்மையில நரம்பே இல்ல, சிரை. நீலமா தெரியிறதெல்லாம் நல்ல சிரைன்னு அர்த்தமில்ல. அழுத்தினா உள்ள போய், விட்டா ஸ்பிரிங் மாதிரி எழும்பணும். கயிறு மாதிரி கெட்டியா இருந்தா விட்டுடுங்க. துடிப்பு தெரிஞ்சா அது தமனி, தொடவே கூடாது. நம்ம மாதிரி கருத்த தோல்ல விரல்தான் உண்மையான கண்ணு.

ரெண்டாவது: ஆளை ரெடி பண்ணுங்க. கையைக் கட்டிலுக்குக் கீழ தொங்க விடுங்க. கை ஜில்லுன்னு இருந்தா வெதுவெதுப்பான துணி சுத்துங்க, சிரை விரியும். டூர்னிகெட்டை குத்தப் போற இடத்துக்கு நாலு விரல் மேல கட்டுங்க, ஒரு நிமிஷத்துக்கு மேல இழுத்தடிக்காதீங்க. வயசானவங்களுக்கு அதை ரொம்ப இறுக்கினா, குத்தின உடனே சிரை வெடிச்சு நீலமாகிடும். அம்மாவோட ரெண்டாவது குத்துல அதுதான் நடந்திருக்கும்னு அக்கா சொன்னாங்க.

மூணாவது: கலர். நம்ம ஊர்ல வென்ஃப்ளான்னு சொல்ற கேனுலாவுல நம்பர் ஏற ஏற குழாய் மெலிசு. மஞ்சள் 24, குழந்தைங்களுக்கும் ரொம்ப மெல்லிய சிரைக்கும். நீலம் 22, பிங்க் 20, பெரியவங்களுக்கு வழக்கமா இதுங்கதான். பச்சை 18, ரத்தமோ திரவமோ வேகமா ஏத்தணும்னா. பெருசு போட்டாதான் நல்ல நர்ஸ்னு ஒண்ணும் இல்ல. வேலைக்குப் போதுமான சின்னதை எடுங்க.

நாலாவது: குத்துறது. ஸ்பிரிட் தடவினா காயட்டும், காஞ்சாதான் அது வேலை செய்யும், எரிச்சலும் குறையும். அப்புறம் அந்த இடத்தைத் திரும்பத் தொடாதீங்க. இன்னொரு கையோட கட்டைவிரலால தோலைக் கீழ்ப்பக்கமா இழுத்துப் பிடிங்க, இல்லேன்னா வயசானவங்களோட சிரை வழுக்கி ஓடும். ஊசியோட வெட்டு மேல பார்க்கணும், சரிவு கம்மியா இருக்கணும். பின்னாடி ரத்தம் தெரியும், அதுக்குப் பேரு ஃப்ளாஷ்பேக். நம்ம சினிமாவுல ஃப்ளாஷ்பேக் வந்தா கதை முடியப் போகுதுன்னு அர்த்தம். இங்க பாதிதான் முடிஞ்சிருக்கு. புதுசா வர்றவங்க இங்கதான் தோத்துடுறாங்க: ஊசி நுனி உள்ள போயிருக்கும், பிளாஸ்டிக் குழாய் வெளியவே இருக்கும். சரிவை இன்னும் தாழ்த்தி, ஒரு துளி முன்னாடி போய், அப்புறம் குழாயை மட்டும் வழுக்கி விடணும்.

கண்டிப்பா செய்யக் கூடாதது: வெளிய எடுத்த ஊசியைத் திரும்பக் குழாய்க்குள்ள விடுறது. குழாய் நுனி அறுந்து ரத்தத்தோட போயிடலாம். ஊசியை எடுக்குறதுக்கு முன்னாடி டூர்னிகெட்டை அவிழ்த்துடுங்க. ஊசிக்கு மூடி போடாம, நேரா குத்தினா ஓட்டை விழாத டப்பாவுல போடுங்க. சேலைன் செலுத்திப் பாருங்க. வீங்கினா, வலிச்சா, லைன் வெளிய இருக்கு. கடைசியா ஒட்டி, தேதி எழுதுங்க.

அஞ்சாவது எனக்குப் பிடிச்ச விதி. ரெண்டு தடவை முயற்சி, கிடைக்கலேன்னா இன்னொருத்தரைக் கூப்பிடு. நாங்க கோடுல ரீட்ரை லிமிட் வைக்கிறோம்ல, அதேதான். கூப்பிடுறது தோல்வி இல்ல. ஆனா பக்கத்துல நின்னு ஒருத்தன் கத்திட்டு இருந்தா, "எனக்குக் கிடைக்கல"ன்னு ஒரு புதுப் பொண்ணு எப்படிச் சொல்லும்? மூணாவது குத்துக்கு நானும் ஒரு காரணம்.

துணைக்கு நிக்கிற நமக்கும் வேலை இருக்கு. போன தடவை எந்தக் கையில கிடைச்சுதுன்னு சொல்லுங்க. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா பண்ண கை, மார்பக ஆபரேஷன்ல அக்குள் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை, ரெண்டையும் முன்னாடியே சொல்லிடுங்க. லைன் போட்ட இடம் சிவந்தா, வீங்கினா, உடனே கூப்பிடுங்க.

இன்னொண்ணு, "ஒரு பாட்டில் ஏத்துங்க"ன்னு நாமளே அடம்பிடிக்காதீங்க. 1971ல வங்காளதேச அகதிகள் முகாம்கள்ல காலரா பரவினப்போ, பன்கான்ல சேலைன் தீர்ந்துட்டே வந்துச்சு. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணியைக் குடிக்கக் கொடுத்தே ஆயிரக்கணக்கான பேரைக் காப்பாத்தினார். வாயால குடிக்க முடிஞ்சா ஊசி தேவையான்னு டாக்டரைக் கேளுங்க. அம்மாவுக்குத் தேவைப்பட்டது, அது வேற.

அடுத்த வாரம் ரிவ்யூவுக்குப் போனப்போ அந்த நர்ஸைத் தேடிப் போய், "சாரி சிஸ்டர், அன்னைக்கு நான் கத்தியிருக்கக் கூடாது"ன்னு சொன்னேன். அவங்க ஒரு நொடி என்னைப் பார்த்தாங்க. "அம்மா கை எப்படி இருக்கு?"ன்னு கேட்டாங்க. அம்மா கையை நீட்டினாங்க. நீலம் போயி மஞ்சளாகி இருந்துச்சு. அவங்க விரலால மெதுவா தடவிப் பார்த்துட்டு, "இப்போ நல்லா எழும்புதுமா, அன்னைக்குத் தண்ணியே இல்ல உங்க உடம்புல"ன்னாங்க.

வெளிய வந்ததும் அம்மா சொன்னாங்க, "அன்னைக்கு ஊசியை விட நீ கத்தினதுதான்டா எனக்கு வலிச்சுது."

அவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.