திரும்பி வரும் பிள்ளைக்கு ஊர் வேண்டும்

பதினாறு, பதினேழு வயதுப் பையன் ஒருவன் மேல் கேஸ் வந்துவிட்டால், "எங்கே கொண்டுபோய் வைக்கப் போகிறார்கள்?" என்பதே ஊரின் முதல் கேள்வியாக இருக்கிறது. அவனை எடுத்துவிட்டால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் அமைதியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்று சொல்லவே கேரளத்தின் பீர்மேட்டில், இந்த மேடையில் நிற்கிறேன். தவறிய பிள்ளையைத் திருத்தும் வேலையில் பெரும்பகுதியை அவன் வளர்ந்த இடத்தில்தான் செய்ய முடியும். அவனைத் தெரிந்தவர்களால்தான் செய்ய முடியும். அரசு துணைக்கு வரலாம், நமக்குப் பதிலாக வர முடியாது.

இது என் சொந்த விருப்பம் அல்ல, நாட்டின் சட்டமே இப்படித்தான் சொல்கிறது. 2016 ஜனவரி 15 அன்று நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை ஒரு நிறுவனத்தில் அடைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று தன் அடிப்படைக் கொள்கைகளில் எழுதி வைத்திருக்கிறது. பிடிபட்ட பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பையனின் வீடு, பள்ளி, சேர்க்கை எல்லாவற்றையும் விசாரித்து இரண்டு வாரத்துக்குள் அறிக்கை தர நன்னடத்தை அலுவலர் இருக்கிறார். முடிவில் குழுமம் அவனை எச்சரித்து வீட்டுக்கு அனுப்பலாம், குழுவாக ஆலோசனைக்கு உட்படுத்தலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பொறுப்பேற்க முன்வரும் தகுதியான ஒருவரின் கண்காணிப்பில் விடலாம். சிறப்பு இல்லத்துக்கு அனுப்புவது அந்த வரிசையில் கடைசியாகத்தான் வருகிறது. இத்தனை கதவுகளைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் சமூக சேவை செய்ய ஓர் இடம் வேண்டும், பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தையும் ஆளையும் எந்தச் சட்டப் புத்தகமும் உண்டாக்கித் தராது.

"ரெண்டு நாள் உள்ளே இருந்தால்தான் புத்தி வரும்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். கோபத்தில் வரும் பேச்சு என்று ஒதுக்கிவிடாமல், அது உண்மையா என்று பார்ப்போம். அமெரிக்காவில் இளைஞர்களைச் சிறைக்குள் அழைத்துச் சென்று, கைதிகளை வைத்து மிரட்டித் திருத்தப் பார்த்தார்கள். அந்த முயற்சிகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, மிரட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே குற்றத்துக்குத் திரும்பினார்கள் என்பது. 2010இல் வெளியான இன்னொரு மதிப்பீடு, 35 ஆண்டுகளில் 7,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை வைத்து நடந்த 29 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சிறு குற்றம் செய்தவனை வழக்கு, விசாரணை என்று முழுமையாக இழுத்தடிப்பதால் குற்றம் குறையவில்லை; வேறு உதவிகளுக்குத் திருப்பிவிடப்பட்டவர்களே நன்றாக இருந்தார்கள். நம் பக்கத்து மாநிலமான தமிழ்நாட்டில் நடந்ததும் மறக்கக் கூடியதல்ல. ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் ஒருவன், 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு அரசு சிறார் இல்லத்தில் இறந்துபோனான்; அங்கே பணிபுரிந்தவர்களே கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு அமைந்தது, இல்லங்களை எப்படிச் சீர்செய்வது என்று 2023இல் அரசுக்கு அறிக்கை தந்தது. உள்ளே அனுப்பினால் புத்தி வரும் என்று சொல்கிறவர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேரளத்தில் இதற்கு மாற்றுவழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் வழிகாட்டுதலோடு, 2016இல் சில மாவட்டங்களில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுதும் பரவிய 'காவல்' திட்டம் அது. தொண்டு நிறுவனங்களின் பணியாளர்கள், வழக்கில் சிக்கிய பிள்ளையை அவன் வீட்டிலேயே சந்திக்கிறார்கள், பெற்றோருடன் பேசுகிறார்கள், பள்ளியில் மீண்டும் சேர்க்கவோ தொழில் கற்றுத் தரவோ முயல்கிறார்கள், குழுமத்துக்குத் தகவல் தருகிறார்கள். நல்ல வடிவம். ஆனால் பீர்மேட்டில் அது வேர் பிடிக்க வேண்டுமானால், இந்த மலையின் நிலைமையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். 2000ஆம் ஆண்டில் பீர்மேடு டீ கம்பெனி கதவடைத்த காலம் தொட்டு, இங்கே எஸ்டேட் மூடுவது புதிய செய்தி அல்ல. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த தாய் கம்பம் பள்ளத்தாக்குக்குக் கூலிக்குப் போகிறாள். தகப்பன் கட்டட வேலை தேடி வெளியூரில் இருக்கிறான். பையன் லயத்தில் தனியாக இருக்கிறான். கஞ்சாப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்து எல்லை கடக்கச் சொல்கிறவன் வளர்ந்த ஆள். அப்படிப் பிள்ளையைப் பயன்படுத்துகிறவனுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆவது பிரிவு சொல்கிறது. பையனின் பெயரை ஊரெல்லாம் பேசுகிறோம், அந்த ஆளின் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. இது எனக்குப் பெரிய வேதனை.

மொழிச் சிக்கலும் இருக்கிறது. தமிழில் அழுகிற பிள்ளையின் கதையை மலையாளத்தில் கேட்டு எழுதினால், அறிக்கையில் பாதிப் பிள்ளைதான் இருப்பான். பீர்மேடு, தேவிகுளம், உடும்பஞ்சோலை தாலுகாக்கள் தமிழ் மொழிச் சிறுபான்மைப் பகுதிகள். அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே எழுத்துப் போக்குவரத்து நடத்த 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. ரேஷன் மனுவுக்குக் கேட்கிற அந்த உரிமையை, பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்கிற அறிக்கைக்கும் கேட்க வேண்டாமா?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். "பாதிக்கப்பட்டவருக்கு நீதி எங்கே?" என்று கேட்பவர்களின் நியாயத்தை நான் மதிக்கிறேன். அதற்கும் வழி உண்டு. நியூசிலாந்து 1989இல் கொண்டுவந்த சட்டம், மாவோரி மக்களின் மரபிலிருந்து பாடம் எடுத்து, பையன், அவன் குடும்பம், பாதிக்கப்பட்டவர் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்தது. தான் செய்தது என்ன என்பதைப் பாதிக்கப்பட்டவர் முகத்தைப் பார்த்துக் கேட்பது பையனுக்குச் சிறையைவிடக் கடினம். பாதிக்கப்பட்டவரும் அங்கே வெறும் சாட்சியாக இருப்பதில்லை. "கொடூரக் குற்றம் செய்தவனையுமா?" என்பது அடுத்த கேள்வி. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு எழுந்த கோபத்தில்தான் 2015இல் இந்த இளைஞர் நீதிச் சட்டமே நிறைவேறியது. 16 வயது கடந்து கொடுங்குற்றம் செய்தவனைத் தனியாக மதிப்பிட்டு, பெரியவர்களுக்கான விசாரணைக்கு அனுப்பவும் அதில் வழி இருக்கிறது. 2022இல் நாடு முழுதும் சிறார் மேல் பதிவான வழக்குகள் 30,555. அவற்றில் மிகக் கொடிய சில வழக்குகளை நினைத்துக்கொண்டு, சைக்கிள் திருடியவனையும் சண்டை போட்டவனையும் அதே கண்ணால் பார்ப்பது அநியாயம்.

இவற்றையெல்லாம்விட வலுவான மறுப்பு வேறொன்று உண்டு. ஊரிடம் ஒப்படைத்தால் ஊர் என்ன செய்யும்? சாதி பார்க்கும், தலையை மொட்டையடிக்கும், கட்டப்பஞ்சாயத்து கூட்டும், அவன் தங்கையின் கல்யாணத்தைக் கூட நிறுத்தும். இது கற்பனை பயம் அல்ல. அதனால்தான் நான் கேட்கும் கூட்டுப் பொறுப்பு ஊரின் தீர்ப்பு அல்ல. தீர்ப்பு குழுமத்தினுடையது, கடைசி வரை அதனுடையதே. பிள்ளையின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. அந்த வரம்புக்குள் நின்று, குழுமம் கேட்டதைச் செய்ய ஊரில் சிலர் பயிற்சி பெற்றுத் தயாராக இருக்க வேண்டும் என்பதே என் வாதம். வாட்ஸ்அப்பில் அவன் படத்தைச் சுற்றவிடுகிற கை, உதவிக்கு நீளும் கையாக இருக்க முடியாது.

யார் அந்தச் சிலர்? தேடிப் போக வேண்டியதில்லை. பெண்கள், குழந்தைகள் பாதுகாப்புக்கான பஞ்சாயத்தின் ஜாக்ரதா சமிதி இருக்கிறது, பெண்கள் வாரந்தோறும் கூடும் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் இருக்கின்றன. சமூகப் பணி படிக்கிற மாணவர்கள் குட்டிக்கானம் மரியன் கல்லூரியில் இருக்கிறார்கள். 1945 முதல் வளர்ந்த கேரள நூலக இயக்கத்தின் வாசகசாலைகள் மலையெங்கும் இருக்கின்றன. ஆறு மாதம் வாசகசாலையில் புத்தகம் அடுக்கச் சொல்லிக் குழுமம் அனுப்பும் பையனை, நூலகர் மற்ற வாசகர்களைப் போலவே பெயர் சொல்லி அழைத்தால் போதும். தொழிற்சங்கங்களும் கூலி உயர்வோடு இதையும் தங்கள் கோரிக்கையாக ஏற்க வேண்டும். வேலைக்குப் போகிற தாய் குழுமத்தின் முன் வரும் நாளுக்குக் கூலி வெட்டக் கூடாது என்று நிர்வாகத்திடம் பேச சங்கத்தால்தான் முடியும். அந்த ஒரு நாள் கூலிக்குப் பயந்து தாய் வராமல் போனால், பிள்ளை அங்கே தனியாகத்தான் நிற்பான்.

எனவே இன்றைய கூட்டம் மாவட்ட நிர்வாகத்துக்குத் தமிழிலேயே ஒரு மனு எழுத வேண்டும் என்று முன்மொழிகிறேன். பீர்மேடு தாலுகாவின் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசும் 'காவல்' திட்டப் பணியாளர் ஒருவர், தமிழில் விசாரணை அறிக்கை, பொறுப்பேற்கத் தயாராக உள்ளவர்களுக்குப் பயிற்சி. மனுவின் கீழே பெயர் எழுதும்போது, பொறுப்பேற்கிறேன் என்று சொல்லக் கூடியவர்கள் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதிக் கொடுங்கள்.