ஓனருக்கும் ஒரு டிரைவர் சம்பளம்



நாமக்கல்லில் நின்றுகொண்டு லாரியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். பாடி கட்டுவதும் கேஸ் டேங்கர் ஓட்டுவதும் இந்த ஊருக்குக் கைவந்த தொழில். பக்கத்துத் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி போகாத மாநிலம் குறைவு. ஆனால் நான் வரிசையாக வண்டி நிறுத்தியிருக்கும் முதலாளியைப் பற்றிப் பேச வரவில்லை. ஒற்றை வண்டியைக் கடனில் எடுத்து, தானே ஸ்டியரிங் பிடிப்பவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆர்.சி. புத்தகத்தில் அவர் ஓனர், சாலையில் டிரைவர், டயர் பஞ்சரானால் அவரே கிளீனர்.

இவர் பாடு என்ன? கொடுப்பதெல்லாம் முன்னால், வாங்குவதெல்லாம் பின்னால்!

நேஷனல் பர்மிட்டுக்கு ஆண்டுக்கு 16,500 ரூபாய், முன்னால். 20 டன்னைத் தாண்டி 40 டன் வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 2022-இல் நிர்ணயித்தபடி 43,950 ரூபாய், வரி தனி. அதுவும் முன்னால். வண்டிக்கு எட்டு வயதாகிவிட்டால் தகுதிச் சான்றான எஃப்.சி.யை ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். டீசல் போட ரொக்கம், டோல்கேட்டைத் தாண்ட ஃபாஸ்டேக்கில் பணம், மாதம் பிறந்தால் கடன் டியூ. வாடகை மட்டும்? கொஞ்சம் அட்வான்ஸ், அதிலும் புரோக்கர் கமிஷன் பிடித்தம். மீதிப் பாக்கி, லோடு இறக்கி, கையெழுத்தான ரசீது போய்ச் சேர்ந்து, பார்ட்டிக்கு மனசு வந்த பிறகு!

காத்துக்கிடக்கும் நாளைப் பாருங்கள். சரக்கோடு போகும் இ-வே பில்லுக்கு 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. சரக்கு ஓட வேண்டிய வேகத்துக்குக் கெடு உண்டு. ஆனால் ஓனர்-டிரைவர் குடோன் வாசலில் இரண்டு நாள் நிற்கிறாரே, அந்த நாளுக்கு ஹால்டிங் காசு கேட்டால், அடுத்த லோடு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். கேட்காமலே வந்துவிடுகிறார்.

வேலை நேரத்தைப் பாருங்கள். 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை என்றது. ஐந்து தொழிலாளராவது இருக்கும் நிறுவனத்துக்குத்தான் அது என்றும் சொன்னது. தன் வண்டியைத் தானே ஓட்டுபவருக்கு அதில் இடமே இருக்கவில்லை. அவரைத் தூங்கு என்று சொல்லச் சட்டம் இல்லை. தூங்காதே என்று சொல்ல டியூ தேதி இருக்கிறது!

இப்போது ஓனர்-டிரைவர் தோழர்களிடம் ஒரு கேள்வி. டீசலை நோட்டில் எழுதுகிறீர்கள், டோலை எழுதுகிறீர்கள், இறக்குக்கூலி மாமூலைக்கூட எழுதுகிறீர்கள். உங்கள் டிரைவர் சம்பளத்தை எழுதுகிறீர்களா? நாமே ஓட்டுகிறோம், அது மிச்சம்தானே என்கிறீர்கள். அது மிச்சம் அல்ல, உங்கள் கூலி! இன்னொருவரை ஏற்றினால் சம்பளமும் படியும் கொடுத்தே ஆக வேண்டும். அதைக் கழித்து, தேயும் டயருக்கும் ஒரு தொகை ஒதுக்கி, அதற்கு மேலும் நின்றால்தான் ஓனருக்கு லாபம். அப்படிக் கணக்குப் பார்க்காததால்தான் அடிமாட்டு வாடகைக்கும் ஆள் கிடைக்கிறது. ஒருவர் ஒத்துக்கொண்ட வாடகை, மறுநாள் புக்கிங் ஆபீஸில் எல்லாருக்கும் வாடகையாகிவிடுகிறது.

சரக்கு அனுப்பும் வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். லோடு இறங்கியதும் பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வாசலில் வண்டி நின்றால் அந்த நாளுக்கும் கொடுங்கள். அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தோழர்களே, பதிவு செய்யாதவர்கள் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். லோடு ஏற்றும் முன்பே வாடகை, பாக்கி தரும் நாள், ஹால்டிங் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்த நடையிலிருந்து நோட்டின் முதல் வரியில் உங்கள் சம்பளத்தை எழுதுங்கள். அதற்குக் கட்டுப்படியாகாத வாடகைக்கு வண்டியை எடுக்காதீர்கள்.