மலைக்காரப் பொண்ணுக்கு வலிக்காதா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோட்ல அமெரிக்கக் கறுப்பினப் பெண்களோட காதல், மனநலம் பத்திப் பேசினோம். 'எதையும் தாங்குவா'ங்கிற பட்டம் எப்படி அவங்க தலையில ஏறுச்சு, மிஷெல் வாலஸ் 1979லயே அதை ஒரு கட்டுக்கதைன்னு சொல்லிப் புத்தகம் எழுதினாங்க, இதெல்லாம். கேட்டுட்டு நிறைய பேர் எழுதியிருந்தீங்க: "நம்ம ஊர்ல இந்தப் பட்டம் யாருக்கு?" இதுக்குப் பதில் தேடி நான் ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல. நான் வெள்ளிமலைக்காரி.

தெரியாதவங்களுக்கு: கள்ளக்குறிச்சியில பஸ் ஏறினா கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் வளைவு வளைவா ஏறி கரியாலூர், அதுக்கும் மேல வெள்ளிமலை. கல்வராயன் மலை. 2024 ஜூன்ல விஷச் சாராயம் குடிச்சு கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்தாங்களே, அப்பதான் உங்கள்ல பாதிப் பேர் எங்க மலைப் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கப்புறம் சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து எங்க மலையோட அடிப்படை வசதி பத்தி வழக்கு எடுத்துச்சு. ரோடு வேணும், ஆஸ்பத்திரி வேணும், எல்லாம் சரி. மனசு பத்தி யார் பேசுறது? அதான் இன்னிக்கு.

நாங்க மலையாளி பழங்குடி. சென்னையில இதைச் சொன்னதும் "ஓ, கேரளாவா? எந்த ஊரு?"ன்னுதான் கேப்பாங்க. மலையை ஆளுறவங்க, அதனால மலையாளி. தமிழ்தான் பேசுவோம். காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறினதா பெரியவங்க கதை சொல்லுவாங்க. காலேஜ்ல மூணு வருஷமும் நான் ஓணத்துக்கு வாழ்த்து வாங்கினேன். போகட்டும்.

எங்க மலையில கல்யாணம் கொஞ்சம் வேற மாதிரி. மாப்பிள்ளை வீடுதான் பரிசம் கொடுக்கணும். வரதட்சணை இப்பதான் கீழயிருந்து மெல்ல மேல ஏறுது. பிடிக்கலன்னா ஊர்ப் பெரியவங்க முன்னாடி உக்காந்து பேசி, பரிசத்தைத் திருப்பிக் கொடுத்து, தீர்த்துக்கலாம். அப்புறம் வேற ஒருத்தரைக் கட்டிக்கலாம். இது சட்டத்துக்கு வெளிய நடக்குற விஷயம் இல்ல. 1955 இந்து திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாதுன்னு அதோட 2வது பிரிவே சொல்லுது. எங்களுக்கு எங்க வழக்கம்தான் சட்டம்.

என் பெரியம்மாவுக்கு ரெண்டு கல்யாணம். முதல் புருஷன் அடிப்பான். ஒரு நாள் காலையில சாமை குத்திட்டு இருந்தவங்க உலக்கையைச் சாத்தி வச்சுட்டு அவங்க அப்பா வீட்டுக்கு நடந்து வந்துட்டாங்க. அவ்வளவுதான். வாழாவெட்டின்னு ஒரு சொல் யாரும் சொல்லல. அந்தச் சொல்லை நான் கீழ ஸ்கூல் ஹாஸ்டலுக்கு வந்துதான் கத்துக்கிட்டேன். அங்கதான் ஒரு பொண்ணு கேட்டா: "உங்க மலையில புருஷனை மாத்திக்கிட்டே இருப்பாங்களாமே?" அன்னியிலேருந்து பெரியம்மாவோட முதல் கல்யாணத்தை நான் யார்கிட்டயும் பேசல.

இதைக் கேட்டுட்டு "ஆகா, பழங்குடிப் பொண்ணுங்க எவ்வளவு சுதந்திரம்"னு ரீல்ஸ் போட்டுடாதீங்க. பெரியம்மா நடந்து வந்தாங்க, சரி. அவங்க ரெண்டு பிள்ளைங்களும் அங்கயே நின்னுட்டாங்க. பிள்ளை அப்பன் வீட்டுக்குத்தான், அதுவும் வழக்கம். நாலு கிலோமீட்டர் தூரத்துல பெத்த பிள்ளை வளருது. சந்தையில பாக்கலாம், தூக்க முடியாது. பெரியம்மா அழுது நான் பாத்ததே இல்ல. "நெஞ்சுல காத்து அடைக்குது"ன்னு மட்டும் சொல்லுவாங்க. அதுக்கு மாத்திரை வாங்கக் கீழ இறங்குவாங்க. கேஸ் மாத்திரை, ஒரு ஊசி, திரும்ப பஸ். இருபது வருஷத்துக்கு மேல இது நடந்துச்சு. துக்கம் உடம்பு வழியாத்தான் பேசும்னு மனநலம் படிச்சவங்க இன்னிக்குச் சொல்றாங்க. ஆனா அந்த இருபது வருஷத்துல ஒருத்தர்கூட "எப்ப இருந்து அடைக்குது? அப்ப வீட்ல என்ன நடந்துச்சு?"ன்னு கேக்கல.

ஏன் கேக்கல? நேரம் இல்ல, ஆள் இல்ல, அதெல்லாம் இருக்கு. இன்னொண்ணும் இருக்கு. ஒரு ஆஸ்பத்திரி வராண்டாவுல என் காதால கேட்டது: "மலைக்காரிங்களுக்கு என்னா வலி? கல்லு மாதிரி உடம்பு. நடந்தே வந்து பெத்துட்டுப் போவாளுங்க." பாராட்டுற குரல்லதான் சொன்னாங்க. 2016ல அமெரிக்காவுல வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல ஒரு ஆய்வு பண்ணாங்க. வெள்ளைக்கார மருத்துவ மாணவர்கள், பயிற்சி டாக்டர்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர், கறுப்பினத்தவர் உடம்பு பத்தி ஒரு தப்பான நம்பிக்கையாவது வச்சிருந்தாங்க. அவங்க தோல் தடிமன்ங்கிற மாதிரி. அப்படி நம்பினவங்க கறுப்பின நோயாளியோட வலியைக் குறைச்சு மதிப்பிட்டாங்க. படிக்கும்போது எனக்கு அந்த வராண்டாதான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப கஷ்டமான பகுதி. என் சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தியோட கதை. அவகிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன். அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

அவளுக்கு 17. பையனுக்கு 20. ரெண்டு பேரும் விரும்பினாங்க, ரெண்டு வீடும் பேசி முடிச்சாங்க, பரிசம் போட்டாச்சு. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசத்துல பையன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிட்டான். எங்க மலையில இது சாதாரணம்: குடகு, கேரளா மிளகுத் தோட்டம், திருப்பூர். வேற சில வேலைக்கும் ஏஜென்ட் வருவான். 2015 ஏப்ரல்ல சேஷாசலம் காட்டுல செம்மரம் வெட்டப் போனதாச் சொல்லி 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்னாங்களே, அதுல பல பேர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைக்காரங்க. புருஷன் வேலைக்குப் போனா போன் வர்ற வரைக்கும் இங்க பொண்டாட்டிக்குத் தூக்கம் வராது. அது தனி எபிசோட்.

அவளுக்கு நாள் தள்ளிப்போச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும். போனா பிக்மியில பதிவு பண்ணணும், ஆதார் கேப்பாங்க, வயசு தெரியும். போக்சோ சட்டத்துல 18க்குக் கீழ சம்மதம்னு ஒண்ணு கிடையாது. தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும், 19வது பிரிவு. சொல்லலன்னா அந்த நர்சம்மாவுக்கே ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் கிடைக்கலாம். நர்சம்மா மேல எனக்குக் கோவமே இல்ல. ஆனா என்ன ஆச்சு? மாமியார் சொல்லிட்டாங்க: "நீ கீழ இறங்காத. இறங்கினா என் மவன் உள்ள போயிடுவான்." ஒன்பது மாசமும் ஒரு ஸ்கேன் இல்ல, ஒரு இரும்புச்சத்து மாத்திரை இல்ல. வீட்லயே பிரசவம். ரத்தம் நிக்கல. அப்புறம்தான் 108. பொழைச்சுக்கிட்டா, குழந்தையும் பொழைச்சுது. மூணாவது நாள் போலீஸ் வந்துச்சு. பையன் உள்ள போனான்.

அவ என்கிட்ட சொன்னது: "அக்கா, எத்தனை தடவை, எங்க வச்சு, எப்ப தொட்டான்னு எல்லாரும் கேட்டாங்க. நீ எப்படி இருக்கன்னு ஒருத்தரும் கேக்கல."

17ல கல்யாணம் தப்பில்லன்னு நான் சொல்ல வரல. அந்தப் பொண்ணு பிளஸ் டூ பாதியில விட்டவ. அம்மா அப்பா ரெண்டு பேரும் திருப்பூர்ல. ஹாஸ்டல் முடிஞ்சதும் வீட்ல தனியா வயசுப் பொண்ணு எப்படி இருப்பாங்கிற பயத்துலதான் அவசரமா முடிச்சாங்க. அவ விரும்பினது உண்மை. அவளுக்கு வேற வழி எதுவும் தெரியலங்கிறதும் உண்மை. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் எங்களுக்கும் பொருந்தும், பொருந்தணும். என் கோவம் வேற இடத்துல. ஒரு பொண்ணு வாய் திறந்தா கேக்க வேண்டிய முதல் ஆளே சட்டப்படி போலீசுக்குச் சொல்ல வேண்டிய ஆளா இருந்தா, அவ வாய் திறக்கவே மாட்டா. அடிக்கிற புருஷனைப் பத்தியும் சொல்ல மாட்டா. நிஜமாவே பலாத்காரம் நடந்தாலும் சொல்ல மாட்டா.

கோர்ட்டுக்கும் இது தெரியாம இல்ல. 2021 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கை ரத்து பண்ணார். வளரிளம் பருவக் காதலைத் தண்டிக்கிறதுக்கு போக்சோ வரலன்னு சொன்னார். அதே வருஷம் ரெண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்பு கேட்ட வழக்கும் அவர்கிட்டதான் வந்துச்சு. தனக்கு அந்த உறவு பத்திச் சரியாப் புரியலன்னு ஒத்துக்கிட்டு, ஒரு உளவியலாளர்கிட்ட உக்காந்து பேசிட்டு வந்துதான் உத்தரவு போட்டார். ஒரு நீதிபதியே போய்க் கேட்டுக் கத்துக்கிட்டார், பாருங்க. 2025 மே மாசம் மேற்கு வங்கத்துப் பொண்ணு ஒருத்தியோட வழக்குல உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாச் சொல்லுச்சு: நடந்தது சட்டப்படி குற்றம், ஆனா அந்தப் பொண்ணை அதிகமா நோகடிச்சது அதுக்கப்புறம் நடந்த போலீஸ், கோர்ட் அலைச்சல்தான். அந்த ஆளுக்குத் தண்டனை கொடுக்கல. ஆனா அந்த அலைச்சலை அவ பட்டு முடிச்ச பிறகுதான் இதெல்லாம் வருது.

கேக்குற உங்கள்ல நர்ஸ், டாக்டர், ஹாஸ்டல் வார்டன் இருப்பீங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. 18க்குக் கீழ உள்ள பொண்ணு கருக்கலைப்புக்கு வந்தா, அவளும் காப்பாளரும் கேட்டுக்கிட்டா, போலீசுக்குச் சொல்லும்போது அவ பேரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிட வேண்டியதில்லன்னு 2022 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நான் பேசிப் பார்த்த பல பேருக்கு இது தெரியல.

இளைஞர்களுக்கு: 14416. டெலி மானஸ். காசு இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். மனநலம்னு பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். "நெஞ்சு அடைக்குது"ன்னு ஆரம்பிச்சாலே போதும்.

எங்க மலைப் பிள்ளைங்க சிரிக்கிறது எனக்குக் கேக்குது. எங்க ஊர்ல டவர் கிடைக்கிற ஒரே இடம் பஸ் நிக்கிற புளியமரத்தடி. அங்க நின்னு பேசினா மாமியார்லேருந்து டிரைவர் வரைக்கும் கேக்கும். அதனால வாய்ஸ் நோட்டு வேண்டாம். எழுதி அனுப்புங்க, பேர் போடாதீங்க. அடுத்த எபிசோட்ல ஒரு மனநல ஆலோசகர் வர்றாங்க, உங்க கேள்விகளை நானே படிச்சுக் கேக்குறேன்.