பங்குனியில் ஒருமுறை வந்து பாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பொறியியல் சம்பந்தமா ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் திருப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பொறியாளன். அந்தத் தொழிற்சாலையைப் பற்றிப் பேசினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் நாலு ஏக்கர் தோட்டத்தையும், மாசி பங்குனியில் அங்கே நடக்கும் குடித்தனத்தையும் பற்றிப் பேசுகிறேன். அதற்குள்ளும் பொறியியல் இருக்கிறது.

கொங்கு நாட்டில் தோட்டம் என்றால் வெறும் நிலம் மட்டுமல்ல. வீடு, கட்டுத்தாரை, களம், கிணறு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பக்கத்து வீடு கூப்பிடு தூரம். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், என் மனைவி, ஏழாவது படிக்கும் மகள். இவர்களோடு மூன்று கறவை மாடு, ஒரு கன்று, பத்து வெள்ளாடு, 120 தென்னை. எங்கள் பக்கம் ஆண்டு மழை 600, 700 மில்லிமீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை வைத்துத்தான் கோடையைத் தாண்ட வேண்டும்.

சிவராத்திரியோடு பனி "சிவ சிவா" என்று போய்விடும் என்பார்கள். அதற்குப் பிறகு தோட்டம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். புங்கமரம் தளிர் விடும், வேம்பு பூ எடுக்கும். ஊரில் மாரியம்மன் கோயிலில் கம்பம் நடுவார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்குக் கிளம்புவார்கள்.

ஆனால் வீட்டுக்குள் வேலை இரட்டிப்பாகும் காலமும் அதுதான். அம்மா நாலரை மணிக்கு எழுந்து பால் கறப்பார்கள். என் மனைவி சாணி வழித்து, கட்டுத்தாரை கூட்டி, பால் கேனை மொபெட்டில் வைத்து சொசைட்டிக்குப் போய் ஊற்றிவிட்டு வந்து மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவாள். அப்பா சொட்டுநீர்க் குழாய் பார்க்கப் போவார். அணில் கடித்த இடத்தை அடைப்பதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும். மத்தியானம் புளி. உலுக்கிய புளியை ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைப்பதற்குள் இரண்டு பேருக்கும் விரல் நுனி எரியும். மகள் பரீட்சைக்குப் படிப்பதும் அந்தப் புளிக் குவியலுக்குப் பக்கத்திலேதான்.

2024-ஆம் வருஷம் மாசிக் கடைசியில் எங்கள் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியதும் காற்று இழுக்க ஆரம்பித்தது. தை மாதத்தில் மூன்று மணி நேரம் விடாமல் ஓடிய மோட்டார் அது. அப்பா, "ஆயிரம் அடிக்கு இன்னொரு போர் போட்டுருவோம்" என்றார். மோட்டார், குழாய், கேபிள் எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்குக் குறையாது என்று விலை வந்தது. எங்களுக்கு அது கடன் வாங்க வேண்டிய தொகை.

இங்கேதான் நம் படிப்பு வந்தது. 200 லிட்டர் பேரலை வைத்து, கையில் கடிகாரத்தோடு நின்றேன். நிறைய 4 நிமிடம் ஆனது. அதாவது மணிக்கு 3,000 லிட்டர். காலையில் ஒரு மணி நேரம், ஊற விட்டுச் சாயந்தரம் ஒரு மணி நேரம். ஆக நாளுக்கு வரவு 6,000 லிட்டர்.

செலவு? தென்னைக்கு 60 லிட்டர் வீதம் 7,200. பத்து சென்ட் தீவனப்புல்லுக்கு 1,600. ஆடு மாடு குடிக்க 250. வீட்டுக்கு 500. மொத்தம் 9,550. துண்டு விழுவது 3,550 லிட்டர்.

புது போர் அதைத் தருமா? எங்கள் பூமி கரும்பாறை. பாறையில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர். ஆழம் போனால் கிடைத்தே தீரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 1,000 லிட்டரை 300 மீட்டர் மேலே தூக்கவே, இழப்பு எதுவும் இல்லை என்று வைத்தாலும், 0.8 யூனிட்டுக்கு மேல் வேண்டும். நடைமுறையில் அதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். இதையெல்லாம் காகிதத்தில் எழுதி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் படித்தேன்.

முடிவு சொன்னது அம்மா. "தென்னை பொறுத்துக்கும் சாமி. காய் குறையும், மரம் சாகாது. மாட்டுக்கு இன்னிக்குத் தண்ணியும் புல்லும் இல்லீன்னா இன்னிக்குச் சாயந்தரமே பால்ல தெரியும்."

என் மனைவி எழுந்துபோய்ச் சோளத்தட்டுப் போரைப் பார்த்துவிட்டு வந்து, "அத்தை, புல்லு கூட இருந்துச்சுன்னா தட்டு ஆடி வரைக்கும் வரும். புல்லை விட்டோம்னா வைகாசியிலேயே தீந்துரும்" என்றாள். என் காகிதத்தில் இல்லாத கணக்கு அது. மாட்டைக் காப்பாற்றுவது என்றால் புல்லையும் காப்பாற்ற வேண்டும் என்று அப்போதுதான் தெளிவானது.

தென்னையை இரண்டு பாதியாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் என்று வைத்தோம். 3,600 லிட்டர் மிச்சம். செலவு 5,950-க்கு வந்தது, வரவுக்குள் அடங்கியது. மரத்தடியில் மட்டையும் ஓலையும் பரப்பி மூடாக்குப் போட்டோம். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. அவர் கையால் நட்ட மரங்கள், அவர் கோபத்திலும் நியாயம் உண்டு. மூன்றாம் நாள் காலையில் அவரேதான் முதல் பாதிக்கு வால்வைத் திறந்துவிட்டார்.

அடுத்த வருஷம் காய் குறைந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் மூன்று மாடும் கட்டுத்தாரையில் நிற்கின்றன, பால் சொசைட்டிக்குப் போகிறது, கடன் இல்லை.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? நம்மில் பலருக்கு ஊரில் கொஞ்சம் நிலமும், அதில் வயதான அப்பா அம்மாவும் இருக்கிறார்கள். நாம் ஊருக்குப் போவது பொங்கலுக்கு. அப்போது கிணற்றில் தண்ணீர் இருக்கும், மாடு குளித்துப் பொட்டு வைத்திருக்கும், அம்மா சிரித்த முகமாகப் பலகாரம் கொடுப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கோடையில் போனில் இரண்டில் ஒன்று சொல்கிறோம். "புது போர் போடுங்க, பணம் அனுப்பறேன்" என்கிறோம். இல்லாவிட்டால் "எதுக்கு இந்தக் கஷ்டம், வித்துட்டு இங்கே வந்துருங்க" என்கிறோம். இரண்டும் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அளந்து பார்க்காமல் சொல்வது. தொழிற்சாலையில் ஒரு மோட்டாரை மாற்றுவதற்குக்கூட முதலில் லோடு அளக்கிறோமே!

விற்க வேண்டிய நிலமும் இருக்கலாம். எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முடிவெடுக்கும் முன்னால் பங்குனியில் நாலு நாள் லீவு போட்டு வாருங்கள். ஒரு பேரல், ஒரு கடிகாரம், ஒரு நோட்டு போதும். தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில், உங்கள் அம்மா எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். இந்த இரண்டாவது கணக்கு எந்தப் பட்டா சிட்டாவிலும் இருக்காது. அதை எழுதிய பிறகு, வீட்டுப் பெண்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். போரில் எத்தனை நாள் தட்டு இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

தம்பி தங்கைகளே, புராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறீர்கள். உங்கள் வீட்டுக் கட்டுத்தாரையிலேயே ஒன்று காத்திருக்கலாம். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.