நாங்கள் கொடுக்காத கடன்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு வராது. பத்தாவது படிக்கும்போது சுதந்திர தினத்துக்கு ஒரு தடவை பேசினேன். அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் மைக்கைப் பிடிக்கிறேன். "உங்க குழு கொடுத்த கடன்ல நல்லா வந்த ஒரு தொழிலைப் பத்தி அஞ்சு நிமிஷம் சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. முன்னால பேசினவங்க மாட்டுக் கடன், தையல் மெஷின் கடன், கயிறு திரிக்கிற கடன்னு நல்லா சொன்னாங்க. நான் சொல்லப்போறது எங்க குழு கொடுக்காத ஒரு கடன். சம்பந்தப்பட்ட அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். "பேரைச் சொல்லாதே, விஷயத்தைச் சொல்லு"ன்னாங்க.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சது நம்ம பக்கத்துல யாருக்கும் மறக்காது. தென்னை எல்லாம் படுத்துடுச்சு. எங்க ஊருக்குக் கரன்ட் வர ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்தப் பயத்துல அடுத்தடுத்து வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். நாலைஞ்சு வருஷத்துல அந்த பேட்டரி எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா செத்துப்போச்சு. போன வருஷம் எங்க தெருவுல மட்டும் 11 பழைய பேட்டரி திண்ணையிலயும் கொல்லையிலயும் கிடந்தது. ஒவ்வொண்ணும் 50 கிலோ இருக்கும். டிராக்டர் பேட்டரி, ஆட்டோ பேட்டரி தனி.

எங்க குழுவுல ஒரு அக்கா. அவங்க வீட்டுக்காரர், நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன், தேங்காய் வெட்டுல கூலி வேலை பார்த்தவர். மரம் போனதும் வேலை போச்சு. கண்ட வேலையும் பார்த்துட்டு, கடைசியில பழைய பேட்டரி வாங்கி உடைச்சு, உருக்கி, ஈயக்கட்டியா விக்கலாம்னு ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டு வந்தார். அதுக்கு 60,000 ரூபாய் கடன் கேட்டாங்க. கணக்கெல்லாம் சரியாத்தான் இருந்தது. பேட்டரி எடையில பாதிக்கு மேல ஈயம். ஈயம் தேயாது, எத்தனை தடவை உருக்கினாலும் திரும்ப பேட்டரிக்கே போகும். விறகடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, ஒரு கோடாலி இருந்தா போதும். ஒரு பேட்டரிக்கு 500 ரூபாய் நிக்கும்னு சொன்னார். கடற்கரைப் பக்கம் வலைக்கு ஈயக்குண்டு வேணும்னும் கேட்டாங்களாம்.

கூட்டத்துல யாரும் வேண்டாம்னு சொல்லல. நானும் சொல்லல. தீர்மான நோட்டுல பாதி எழுதியே முடிச்சுட்டேன். கையெழுத்து மட்டும் அடுத்த வாரம்னு வச்சோம்.

நடுவுல ஒருநாள் சந்தா பாக்கி வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணன் நாலு பேட்டரியை வாங்கி, கொல்லையில புளியமரத்தடியில உடைச்சுப் பார்த்திருக்கார். எடைக்கு வாங்கும்போதே "ஆசிட்டைக் கொட்டிட்டு எடை போடு"ன்னுதான் சொல்லுவாங்க, தண்ணி எடைக்குக் காசு தர மாட்டாங்க. அந்த ஆசிட் எல்லாம் அங்கேயே மண்ணுல ஊத்திக் கிடந்தது. புல் கருகிப்போய் இருந்தது. அண்ணன் லுங்கியில பொட்டுப் பொட்டா ஓட்டை. தகட்டிலேருந்து உதிர்ந்த சாம்பல் நிறப் பொடி அந்த இடம் பூரா. அந்தப் பொடி மேல அக்காவோட மூணு வயசுப் பேத்தி உட்கார்ந்து, கொட்டாங்கச்சியில மண்ணை அள்ளிச் சோறு ஆக்கி விளையாடிக்கிட்டிருந்தா. எனக்கும் ஒரு வாய் ஊட்ட வந்தா. அவ வாயைச் சுத்தியும் அந்தப் பொடிதான்.

எனக்கு அப்ப ஒண்ணும் தெரியாது. மனசுக்கு மட்டும் சரியாப் படல. கூட்டமைப்பு மூலமா குப்பை மேலாண்மைப் பயிற்சிக்குப் போயிருந்தேன் இல்லையா, அந்தப் பயிற்சியாளர் மேடம் நம்பர் நோட்டுல இருந்தது. போன் போட்டேன். அவங்க கேட்ட முதல் கேள்வி, "அந்த வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?"

அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். காரீயத்துக்கு வாசனை கிடையாது, ருசியும் கிடையாது. உருக்கும்போது ஆவியாப் போய்ப் பொடியா இறங்கும். துணியில, தலைமுடியில, தண்ணிக் குடத்துல ஒட்டும். பெரியவங்க உடம்பு எடுத்துக்கிறதைப்போல நாலைஞ்சு மடங்கு சின்னப் பிள்ளை உடம்பு எடுத்துக்குமாம். மூளையைத்தான் பிடிக்கும். பிள்ளை மந்தமா இருக்கும், படிப்பு ஏறாது, ரத்தம் குறையும், வயித்து வலின்னு சொல்லும். நாம பூச்சி மருந்து கொடுத்துட்டு விட்டுடுவோம். எலும்புல போய்த் தங்கிடும். ஒரு பொண்ணு சின்ன வயசுல வாங்கின ஈயம், அவ மாசமா இருக்கும்போது எலும்பை விட்டு ரத்தத்துக்கு வந்து வயித்துப் பிள்ளைக்குப் போகும். இவ்வளவு இருந்தா பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

அடுத்த கூட்டத்துல இதைச் சொன்னேன். சும்மா விடுவாங்களா? "ஈயச்சொம்புல காலம் காலமா ரசம் வைக்கிறோம், யார் செத்தா?"ன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. நல்ல கேள்விதான், நானும் அதைத்தான் நெனச்சிருந்தேன். ரசம் வைக்கிறது வெள்ளீயம். பேட்டரியில இருக்கிறது காரீயம். பேர்தான் ஒண்ணு, பொருள் வேற. (சில கடையில வெள்ளீயத்துல காரீயம் கலந்து விக்கிறதும் உண்டாம். சொம்பு வாங்கும்போது தெரிஞ்ச கடையில வாங்குங்க.)

அப்புறம் மேடம் சொன்ன ஒரு ஊர்க் கதையைச் சொன்னேன். ஆப்பிரிக்காவுல செனகல் நாடு. அதோட தலைநகர் டக்கார் பக்கத்துல தியாரோய் சுர் மேர்னு ஒரு ஊர். அங்கே ரொம்ப காலமா பழைய பேட்டரி உடைச்சு உருக்கியிருக்காங்க. ஈயம் விலை ஏறினப்ப, ஊர் சனங்க அந்த மண்ணையே தோண்டி, சலிச்சு, மூட்டை மூட்டையா கட்டி வீட்டுக்குள்ள வச்சு வித்திருக்காங்க. 2007 நவம்பர்லேருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 பிள்ளைங்க செத்துப்போச்சு. முதல்ல என்ன நோய்னே தெரியல. அந்தப் பிள்ளைங்களோட அண்ணன் தம்பி, அம்மா ரத்தத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் ஈயம்னு தெரிஞ்சது. அவங்க யாரும் கெட்டவங்க இல்ல. நம்மளை மாதிரி, நாலு காசு கிடைக்குதேன்னு மண் சலிச்சவங்க.

கூட்டம் அமைதியாயிடுச்சு. அக்கா மட்டும் எழுந்து நின்னாங்க. "உன் வீட்டுக்காரர் மாசம் ஆனா சம்பளம் கொண்டுவர்றார். நீ கதை சொல்லுவே. என் வீட்டு உலைக்கு யார் அரிசி போடுவா?"ன்னு கேட்டுட்டு வெளியே போயிட்டாங்க. நான் அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. அவங்க கேட்டதுல என்ன தப்பு? வேண்டாம்னு சொல்றது சுலபம், நோட்டுல ஒரு கோடு போட்டா முடிஞ்சுது.

அதனால நானும் எங்க குழுப் பிரதிநிதி தங்கச்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆபீசுக்குப் போய் விசாரிச்சோம். பேட்டரியை உருக்குறதே தப்பான தொழில் இல்ல. உருக்கித்தான் ஆகணும். இல்லாட்டி அவ்வளவு ஈயமும் நம்ம குளத்துலதான் கிடக்கும். ஆனா அதுக்குன்னு பதிவு பண்ணின ஆலை இருக்கு. அங்கே பேட்டரியை மெஷின்தான் உடைக்கும். ஆசிட்டைத் தனியா பிடிச்சு, காரம் போட்டு, வேகத்தை எடுப்பாங்க. பிளாஸ்டிக்கைக் கழுவித் திரும்ப உபயோகத்துக்கு அனுப்புவாங்க. மூடின உலை. புகை பெரிய பெரிய துணிப் பையில வடிஞ்சுதான் வெளியே போகணும். வேலை செய்யறவங்க குளிச்சுட்டு, உடுப்பை அங்கேயே கழட்டிப் போட்டுட்டுத்தான் வீட்டுக்கு வரணும். அவங்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

இதுக்கெல்லாம் செலவு ஆகும் இல்லையா? இங்கேதான் நாம ஏமாறுறோம். தெருவுல வர்றவர் கிலோவுக்கு 10 ரூபாய் கூடத் தர்றார்னு சந்தோஷப்படுறோம். அந்த 10 ரூபாய் அவர் கையிலேருந்து வரல. ஆசிட்டைப் பிடிக்காம மண்ணுல விட்டாரே, அந்தக் காசு. புகையை வடிக்காம விட்டாரே, அந்தக் காசு. அந்த மூணு வயசுப் பிள்ளை வாயில இருந்த பொடியோட விலையைத்தான் நாம கூடுதலா வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிறோம். ஒழுங்கா நடத்துற ஆலைக்குப் பழைய பேட்டரி போய்ச் சேர்ந்தாத்தான் அது நிலைக்கும். நாம எல்லாரும் 10 ரூபாய்க்காகக் கொல்லை அடுப்புக்குக் கொடுத்தா, ஒழுங்கா நடத்துறவன் எப்படிப் பிழைப்பான்?

சட்டமும் இருக்கு. 2001-லயே பேட்டரிக்கு விதி வந்தது. 2022 ஆகஸ்ட்ல புது விதி போட்டாங்க. பேட்டரி செஞ்சு விக்கிற கம்பெனியே பழசைத் திரும்ப எடுத்து ஆலைக்கு அனுப்பப் பொறுப்புன்னு அதுல இருக்கு. போன் பேட்டரி, கரன்ட் ஸ்கூட்டர் லித்தியம் பேட்டரிக்கும் சேர்த்துத்தான். அதை ஆணி அடிச்சுத் திறந்து பார்க்கிற பசங்க உங்க வீட்டுல இருந்தா ரெண்டு போடுங்க, தீப்பிடிக்கும்.

ஆலைன்னு போர்டு போட்டா மட்டும் போதாது, அதையும் சொல்லிடுறேன். கென்யாவுல மொம்பாசா நகரத்துல ஓவினோ உஹுருன்னு ஒரு குடிசைப் பகுதி. அதை ஒட்டியே பேட்டரி உருக்குற ஆலை. அங்கே வேலை பார்த்த ஃபிலிஸ் ஒமிடோங்கிற அம்மாவோட பால்குடிப் பையனுக்கு உடம்பு சரியில்லாமப் போய், பரிசோதிச்சா ரத்தத்துல ஈயம். அவங்க அந்தப் பகுதி மக்களைச் சேர்த்துக்கிட்டுப் போராடி, கைதுகூட ஆகி, 2014-ல அந்த ஆலையை மூட வச்சாங்க. அடுத்த வருஷம் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது வாங்கினாங்க. ஆலையே கூடாதுன்னு நான் சொல்ல வரல. சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறவங்க கண்ணு அந்தப் புகைபோக்கி மேல இருந்துக்கிட்டே இருக்கணும்.

கடைசியில எங்க குழு 60,000 கொடுக்கல. பழைய தள்ளுவண்டி மாதிரி ஒரு மூணு சக்கர வண்டி வாங்க 25,000 உள்கடன் கொடுத்தோம். அண்ணன் இப்ப பேட்டரியை உடைக்கிறதில்ல. முழுசா, ஆசிட்டோட, நிமிர்த்தி வச்சு எடுத்துட்டுப் போய், பதிவு பெற்ற ஆலைக்கு அனுப்புற இடத்துல கொடுத்து ரசீது வாங்குறார். ஒரு பேட்டரிக்கு 500 நிக்கல, 120, 150 நிக்குது. "நீங்க சொன்னதைக் கேட்டு நட்டம்தான்"னு இன்னும் சொல்லிக்காட்டுவார். தவணை மட்டும் ஒரு மாசம்கூடத் தவறல. நாங்களும் எங்க குழு 14 பேரும் பழைய பேட்டரியை அவர்கிட்டயோ, புதுசு வாங்குற கடையில எக்ஸ்சேஞ்சாவோதான் கொடுக்கிறதுன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மாமியாருக்குத் தெரியாம 10 ரூபாய்க்கு வித்தவங்களும் உண்டு, பேர் வேண்டாம்.

பேத்தியைத் தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போனோம். ரத்தம் எடுத்து சென்னைக்கு அனுப்பினாங்க. 19-னு வந்தது. 5 இருந்தாலே எங்கேருந்து வருதுன்னு தேடணுமாம். உலகத்துல மூணுல ஒரு பிள்ளைக்கு 5-க்கு மேல இருக்குன்னு யுனிசெஃப் 2020-ல சொல்லியிருக்கு. மருந்தைவிட அந்த மண்ணை விலக்குறதுதான் முக்கியம்னு டாக்டர் சொன்னார். முருங்கைக்கீரை, ராகி, பால், நெல்லிக்காய் கொடுக்கச் சொன்னார். கையை அடிக்கடி கழுவச் சொன்னார். புளியமரத்தடி மண்ணை ஈரம் பண்ணி, ஒரு அடி ஆழத்துக்கு எடுத்து, சாக்குல கட்டி வச்சு, வாரியத்துல சொன்ன இடத்துக்கு அனுப்பினோம். புது மண் கொட்டினோம். நாலு மாசம் கழிச்சு எடுத்தப்ப 13.

அக்கா ரொம்ப நாள் என்கூடப் பேசல. அந்த 13-ஐப் பார்த்த அன்னைக்கு, ஆஸ்பத்திரி வராண்டாவுல என் கையை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. அடுத்த மாசம் மூணாவது தடவை ரத்தம் எடுக்கணும். கூடப் போகப்போறது நான்தான்.

கடன் மனு பார்க்கிற ஊக்குநர்கள்கிட்ட ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். "பழைய இரும்பு வியாபாரம்"னு எழுதியிருந்தா, அதுல பேட்டரி உண்டா, எங்கே வச்சு உடைப்பாங்கன்னு அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. நான் போனது சந்தா பாக்கிக்கு.